வாசலில் வந்து நின்ற நன்றி: 1839 புத்தாண்டு நாளின் ஒரு பிரசுரம் குறித்த நிகழ்வு ஆய்வு

1839 சனவரி 1, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை. அந்நகரின் பழைய செய்தித்தாள்களுள் ஒன்றான 'சேலம் கெஸட்'டை வீடுவீடாகக் கொண்டுசேர்த்துவந்த பையனின் கையில் அன்று ஒரு சிறு பிரசுரம் இருந்தது. 'சகோதரி ஆண்டுகள்' என்பது அதன் தலைப்பு. சனவரி முதல் நாளுக்காக, கெஸட்டின் புரவலர்களை நோக்கிப் பத்திரிகை போடும் பையன் கூறும் உரை அது என்று தலைப்பை ஒட்டியே குறிக்கப்பட்டிருந்தது. எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. அவர் அதே ஊரில் பிறந்த எழுத்தாளர் நத்தேனியல் ஹாதோர்ன். அப்போது அவருக்கு வயது 34.

நெடுங்காலமாக வெளிவரும் ஓர் இதழ், தன்னை விட்டு விலகாத வாசகர்களுக்கு ஆண்டின் தொடக்கத்தில் எப்படி நன்றி சொல்கிறது என்பதை ஆராய இந்தச் சிறு பிரசுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இக்காலத்து இதழ்களின் புத்தாண்டு நன்றியுரைகளுள் பெரும்பாலானவை இதழைப் பற்றியே பேசுகின்றன: எத்தனை ஆண்டுகள் கடந்தோம், எத்தனை இடர்களைத் தாண்டினோம், இனி என்ன செய்யப்போகிறோம் என்று. வாசகர் கடைசிப் பத்தியில் மட்டும் வந்துபோகிறார். சேலத்துப் பிரசுரத்தில் இது தலைகீழாக இருக்கிறது. இதழ் அதில் ஒரு சிறு பொருளாகத் தோன்றி மறைய, நகரமும் அதன் மக்களும் அவர்கள் வாழ்ந்துமுடித்த ஓராண்டும் தாள் முழுவதையும் நிறைத்துக்கொள்கின்றன. அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டியவனோ வாசகர் பார்த்துப் பழகிய பையன். நன்றியைக் கொண்டுவருபவர் யார் என்பதும், அது யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறது என்பதுமே அதன் தரத்தை முடிவுசெய்கின்றன என்பது இந்த ஆய்வில் நான் வந்தடைந்த கருத்து.

வழக்கம் வந்த வழி

லண்டனில் இரவுக் காவல் சுற்றிய மணியடிப்போர், ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் தங்கள் பகுதி வீடுகளுக்கு அச்சிட்ட வாழ்த்துச் செய்யுள்களைக் கொடுத்துப் பரிசு பெறுவது பழைய வழக்கம். அதன் சாயலை அமெரிக்கக் குடியேற்றங்களின் செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டன. பிலடெல்பியாவில் ஆண்ட்ரூ பிராட்ஃபோர்டு 1719 டிசம்பர் 22 அன்று தொடங்கிய 'அமெரிக்கன் வீக்லி மெர்க்குரி' இதழுக்காக, அவருடைய அச்சகத்தில் பணியாற்றிய அக்விலா ரோஸ் என்பவர் எழுதிய புத்தாண்டுச் செய்யுள்கள் இவ்வகையில் மிகப் பழமையானவற்றுள் சேரும். ரோஸ் 1723இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அதே ஆண்டு அக்டோபரில் வேலை தேடி பிலடெல்பியாவுக்கு வந்த பதினேழு வயது பெஞ்சமின் பிராங்க்ளின், கெய்மர் என்ற அச்சகக்காரரைப் பார்க்கப் போனபோது, அவர் ரோஸுக்கான இரங்கற்பாவைத் தாளில் எழுதிக்கொள்ளாமலேயே மனத்திலிருந்து நேராக அச்செழுத்துகளில் கோத்துக்கொண்டிருந்தார் என்று பிராங்க்ளினின் தன்வரலாறு சொல்கிறது. அந்த அச்சுக்கூடத்துச் சிற்றுலகில் புத்தாண்டு வாழ்த்து எழுதியவருக்கும் ஓர் இடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

அந்நாளில் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. 1752இல்தான் சனவரி முதல் நாள் சட்டப்படியும் ஆண்டின் முதல் நாளாயிற்று. ஆயினும் பத்திரிகைப் பையன்கள் அதற்கு முன்பிருந்தே சனவரி முதல் நாளில்தான் தங்கள் தாளோடு வாசலுக்கு வந்தார்கள். கணக்குப் புத்தகத்தின் ஆண்டு வேறாகவும் மக்கள் வாழ்த்திக்கொண்ட ஆண்டு வேறாகவும் இருந்த காலத்தில், மக்களின் ஆண்டையே அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள்.

அத்தாள்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்டு, சுற்றிலும் பூவேலைக் கரை கட்டப்பட்டவை. சிலவற்றைப் பட்டுத் துணியில்கூட அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளடக்கம் ஏறக்குறைய ஒரே வரிசையில் செல்லும்: கடந்த ஆண்டின் செய்திகளைச் செய்யுளில் நினைவூட்டுவது, மழையிலும் பனியிலும் தாள் தவறாமல் வந்ததைச் சொல்வது, வாழ்த்துவது, கடைசியில் கை நீட்டுவது. காலத்தின் சூடும் அவற்றில் ஏறியிருந்தது. செய்தித்தாள்கள் மீதும் வரி விதித்த முத்திரைச் சட்டத்தை எதிர்த்து மக்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1766 புத்தாண்டுக்காக நியூயார்க்கில் லாரன்ஸ் ஸ்வீனி என்ற பத்திரிகை விநியோகிப்பவரின் பெயரில் வெளிவந்த பாடல், அவரை முத்திரைத் தாள்களின் பகைவர் என்றும் அரசமைப்பின் நண்பர் என்றும் தலைப்பிலேயே அறிமுகப்படுத்தியது. ஆசிரியர் பக்கத்தில் வரவேண்டிய ஒரு நிலைப்பாடு, தாளைத் தூக்கிச் சுமந்தவர் வாயில் வைக்கப்பட்டிருந்ததை இங்கே கவனிக்க வேண்டும்.

கொண்டுவந்தவன்

இந்தப் பையன்கள் பலரும் அச்சகத்தில் தொழில் பழகிய சிறுவர்கள். தங்குமிடமும் சாப்பாடும் தொழிற்கல்வியுமே அவர்களுக்குக் கிடைத்தன. கையில் காசாகக் கிடைப்பது அரிது. ஆண்டுக்கொருமுறை புத்தாண்டுத் தாளைக் கொடுத்துப் பெறும் சில்லறையே அவர்கள் தமக்கென்று எண்ணிப் பார்க்கக்கூடிய வருவாய்.

சந்தாதாரர்களை அக்காலத்து அச்சகங்கள் 'புரவலர்' என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைத்தன. தமிழில் இச்சொல்லைக் கேட்டதும் நமக்கு இரவலர் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. வாழ்த்தையும் வேண்டுதலையும் ஒரே மூச்சில் சொல்வதைப் புறப்பாடல்கள் இழிவாகக் கருதியதில்லை. பரிசில் தர நாள் கடத்தினால் அதை நினைவூட்டிக் கேட்பதற்கே 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறையை வகுத்து வைத்திருக்கிறோம். ஆகவே பையனின் வாழ்த்துக்குப் பின்னால் காசு இருந்தது, எனவே அது உண்மையான நன்றி ஆகாது என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மறைத்து வைத்த வேண்டுதல்தான் நன்றியைக் கெடுக்கிறது. 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று தொடங்கி, சந்தாவைப் புதுப்பிக்கும் படிவத்தில் முடியும் மடல்களை வாசித்தவர்களுக்கு அது தெரியும். சேலத்துப் பையன் தான் கேட்பதை ஒளிவின்றிக் கேட்டான். கொடுப்பதும் மறுப்பதும் வீட்டுக்காரரின் விருப்பமாக இருந்தது.

பணவுறவின் பின்னணியையும் சொல்லியாக வேண்டும். அக்காலத்துச் செய்தித்தாள்கள் கடனில் ஓடின. சந்தாதாரர்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பாக்கி வைத்தார்கள். நிலுவையைக் கட்டுமாறு கெஞ்சியும் கடிந்தும் அச்சகக்காரர்கள் தங்கள் தாளிலேயே அறிவிப்பு வெளியிட்டார்கள். காசு இல்லாதவர்களிடம் விறகையும் தானியத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. முதலாளிக்கும் வாசகருக்கும் இடையில் எப்போதும் ஒரு கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது. பையனுக்கும் வாசகருக்கும் இடையில் அது இல்லை. அவன் அறிந்ததெல்லாம் எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டுப் பெரியவர் வாசலிலேயே காத்திருப்பார் என்பன போன்றவையாகத்தான் இருந்திருக்கும். நன்றி சொல்லும் பொறுப்பு அவனிடம் வந்துசேர்ந்தது சிக்கனத்தால் நேர்ந்ததாக இருக்கலாம். ஆனாலும் அதற்கு அவனைவிடப் பொருத்தமானவர் அந்த அச்சகத்தில் இல்லை.

பிரசுரம் செய்தது என்ன

ஹாதோர்னுக்கும் கெஸட்டுக்கும் இது முதல் தொடர்பு அன்று. அவருடைய தொடக்கக் காலக் கதைகளுள் ஒன்று 1830 நவம்பரில் கெஸட்டில்தான் வெளிவந்தது. 1838 புத்தாண்டுக்கும் அவரே பையனின் உரையை எழுதிக் கொடுத்திருந்தார். காலம் என்னும் கிழவரின் உருவத்தை விவரிக்கும் கட்டுரை அது. செய்யுள் கோலோச்சிய ஒரு வழக்கத்தில் இரண்டு ஆண்டுகளும் அவர் உரைநடையைத் தேர்ந்தது துணிச்சலான முடிவு. இரண்டில் 1839ஆம் ஆண்டினது மேலானது என்பது என் மதிப்பீடு; முந்தையது காலத்தைப் பொதுவாகப் பேசுகிறது, பிந்தையது ஒரு நகரத்தின் ஓராண்டைப் பேசுகிறது.

கதை எளியது. 1838இன் கடைசி இரவு, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட நேரம். சேலத்தின் புதிய நகர மண்டபத்துப் படிகளில் பழைய ஆண்டு ஒரு பெண்ணாகக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். இரயில் நிலையத்தின் பக்கமிருந்து அவளுடைய தங்கை, புதிய ஆண்டு, துள்ளலோடு நடந்து வருகிறாள். இருவரும் படியில் அமர்ந்து பேசுகிறார்கள்.

இந்தக் காட்சியமைப்பை வெளியூர்க்காரர் படித்தால் அழகான கற்பனை என்று நகர்ந்துவிடுவார். அன்றைய சேலத்துக்காரருக்கு ஒவ்வொரு பெயரும் கண்முன் இருந்த உண்மை. 1836இல்தான் அவ்வூர் நகரம் என்ற தகுதியைப் பெற்றது. மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்கு அடுத்து அத்தகுதியை அடைந்த இரண்டாவது ஊர் அது. நகர மண்டபம் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. பாஸ்டனிலிருந்து இரயில் பாதை 1838 ஆகஸ்டு மாத இறுதியில்தான் சேலத்தை எட்டியிருந்தது. கடல் வாணிபத்தின் பொற்காலம் மங்கிக்கொண்டிருந்த, பதினையாயிரம் பேர் வாழ்ந்த ஓர் ஊருக்கு இவை எளிய செய்திகள் அல்ல. புதிய ஆண்டை இரயிலடியிலிருந்து வரவைத்ததன் மூலம், அந்த ஊர் அவ்வாண்டில் உணர்ந்த நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒரே வரியில் வைத்துவிட்டார் ஹாதோர்ன். எங்கள் இதழ் உங்கள் ஊரின் இதழ் என்று அந்தப் பிரசுரம் எங்கும் மார்தட்டிக்கொள்ளவில்லை. வாசகர் தன் ஊரை அதில் கண்டார்; அந்த உரிமை தானாக விளங்கியது.

பழைய ஆண்டின் கையில் ஒரு பெரிய ஏடு இருக்கிறது, அவளுடைய நாள்களின் வரலாறு எழுதப்பட்டது. அந்த ஏடு உண்மையில் 1838ஆம் ஆண்டின் சேலம் கெஸட் தொகுதிதான். தாளின் துல்லியத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததால், தன் வரலாற்றைத் தன் கையால் எழுத வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை என்கிறது கதை. நான் கவனித்த அளவில், இதழ் தன்னைப் பாராட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதுவும் வாசகரைத் தாண்டிய பெருமை ஆகவில்லை. ஆண்டு முழுவதும் வீட்டுக்கு வந்து, படித்தபின் அடுக்கி வைக்கப்பட்ட தாள்களைத்தான் அவள் தூக்கிச் சுமக்கிறாள். அந்த அடுக்கு ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் இருந்திருக்கக்கூடியது. நீண்டநாள் வாசகர் என்பவர் உண்மையில் யார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை: தன் ஊரின் காலத்தை வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருப்பவர்.

புதிய ஆண்டின் கையிலோ ஒரு கூடை நிறைய மணம் வீசும் நம்பிக்கைகள். அந்த மணம் விரைவில் போய்விடும் என்று அக்காள் எச்சரிக்கிறாள். அதோடு நிற்கவில்லை. இந்த உலகத்திடமிருந்து எந்த நன்றியையும் நல்லெண்ணத்தையும் எதிர்பார்க்காதே என்று தங்கைக்குக் கண்டிப்பான அறிவுரை கூறுகிறாள். எவ்வளவு கனிவோடு வரவேற்றாலும், எதைக் கொடுத்தாலும், உன்னால் தரமுடியாததையே மனிதர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அடுத்து வரும் வேறோர் ஆண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்கிறாள்.

வாசகருக்கு நன்றி சொல்ல அச்சிட்ட தாளில் மனிதரின் நன்றியின்மையைப் பற்றிய இந்தப் பேச்சு எப்படி இடம்பெற்றது? முதல் வாசிப்பில் இது ஒரு பிசகாகவே எனக்குத் தோன்றியது. திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் அதன் வேலை புரிந்தது. பல்லாண்டு உறவில் மனக்குறை இல்லாமல் இருக்காது. ஓர் இதழை இருபது ஆண்டு படித்தவர் அதன்மேல் இருபது ஆண்டுக்கான முணுமுணுப்பும் வைத்திருப்பார். இதழை நடத்துபவரும் அப்படியே. எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று பேசும் நன்றியுரையை நீண்டநாள் வாசகர் நம்பமாட்டார், ஏனெனில் அது எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஹாதோர்ன் அந்தக் கசப்பை ஒளிக்காமல், களைத்துப்போன ஒரு பெண்ணின் வாயில் வைத்துப் பேசவிட்டார். பிறகு அதற்குத் தங்கையைப் பதில் சொல்ல வைத்தார்: நான் காணும்போது மனிதர் இருந்ததைவிட அறிவில் மேம்பட்டவராக அவர்களை விட்டுச்செல்ல முயல்வேன், என்னிடம் உள்ளதைத் தாராளமாகக் கொடுப்பேன் என்கிறாள் அவள். குறையைச் சொல்லித் தீர்த்த பின்னும் கூடையோடு அவள் எழுந்து நடப்பதால்தான் அவளுடைய கொடைக்கு எடை கூடுகிறது.

பன்னிரண்டு மணி அடிக்கிறது. அக்காள் மறைகிறாள். தனியே நடக்கும் புதிய ஆண்டிடம், அவள் யாரென்று அறியாத ஓர் இரவுக் காவலர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிறார். அவள் கனிவோடு நன்றி சொல்லி, தன் கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்துக் கொடுத்து, நான் விடைபெற்றுப் போய் நெடுநாளான பிறகும் இதன் மணம் உங்களிடம் இருக்கட்டும் என்கிறாள். கதையில் வாய்திறந்து நன்றி சொல்லப்படும் இவ்விடத்தில், அது போய்ச் சேர்வது மேயருக்கோ பெரிய மனிதருக்கோ அன்று. பனியிரவில் தெருவில் நின்று பணி செய்யும் ஒருவருக்கு. அந்தத் தாளை நீட்டிய பையனும் விடியற்குளிரில் தெருவில் நடப்பவன்தான். இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் எண்ண முடியவில்லை. காவலர் தன் வாழ்த்தால் ரோஜா பெறுகிறார். பையனும் தன் வாழ்த்தோடு வாசலில் நிற்கிறான்.

அதன்பின் அவள் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாசற்படியிலும் பூக்களை இறைத்துக்கொண்டே போகிறாள். சிலர் எடுத்து மார்பில் சூடிக்கொள்வார்கள், சிலர் மிதித்துவிட்டுப் போவார்கள். வாசற்படியில் விழுவதை எடுத்துக்கொள்வதும் மிதிப்பதும் செய்தித்தாளுக்கும் பொருந்தும் என்பதை எழுதியவர் விளக்கவில்லை. கடைசி வரிகளில் பையனின் குரல் வருகிறது. அதிகாலையில் புதிய ஆண்டே தன் கூடையில் இந்த உரைகளை நிரப்பியதாகவும், புதிய மேயரும் நகரமன்றத்தாரும் முன்னே வர, நகரமே திரண்டு வந்து இதை வாங்கிக்கொள்ளும் என்று அவள் உறுதி கூறியதாகவும் சொல்லி, அன்பான புரவலர்களே, அவள் கொடுத்த வாக்கை நீங்கள் நிறைவேற்றமாட்டீர்களா என்று கேட்டு முடிக்கிறான்.

குறைகள்

இந்த நிகழ்வைப் புகழ்ந்துமட்டும் விட்டுவிட முடியாது. முதலாவதும் பெரியதுமான குறை, பையனின் உழைப்புக்கு அச்சகம் தரவேண்டியதை வாசகரின் பரிவிடம் விட்டுவிட்டது. ஆண்டு முழுவதும் நடந்த கால்களுக்கான ஊதியம் ஒரு நாள் காலையில் கிடைக்கும் அன்பளிப்பைச் சார்ந்திருந்தது என்பது நியாயமான ஏற்பாடு ஆகாது. இதழின் நன்றிக்கான செலவை இதழ் ஏற்கவில்லை.

அடுத்தது, நன்றி எட்டிய எல்லை. 1792ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் செய்தித்தாள்களுக்கு மிகக் குறைந்த கட்டணம் விதித்திருந்தது: நூறு மைலுக்குள் ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை. அதனால் வெளியூர்களில் அஞ்சலில் தாள் பெற்றுப் படித்தவர்கள் நாடெங்கும் இருந்தனர். அவர்கள் வாசலில் எந்தப் பையனும் வந்து நிற்கவில்லை. தொலைவிலிருந்து விடாமல் சந்தா கட்டியவர், ஒரு வகையில் கூடுதல் விசுவாசமுள்ள வாசகர், இந்தச் சடங்குக்கு வெளியே நின்றார்.

மூன்றாவதாக, எல்லாப் புரவலரும் அதில் ஒரே விளியில் அடங்கிப் போனார்கள். சென்ற மாதம் சேர்ந்தவருக்கும் தந்தை காலத்திலிருந்து தாள் வாங்கும் குடும்பத்துக்கும் ஒரே பிரசுரம். இது அவ்வளவு பெரிய பிழை என்று நான் கருதவில்லை. வேற்றுமையை அச்சுத் தாளால் காட்ட முடியாத இடத்தில், வாசலில் நின்ற பையனின் முகம் காட்டியிருக்கும்.

பின்னர்

வழக்கம் தேய்ந்ததற்கான விதை, சேலத்துப் பிரசுரத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. 1833 செப்டம்பர் 3 அன்று பெஞ்சமின் டே நியூயார்க்கில் 'சன்' இதழைத் தொடங்கி ஒரு சென்ட்டுக்கு விற்றார். சிறுவர்கள் அதைத் தெருவில் கூவி விற்றார்கள். காசைக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் பாக்கி இல்லை. அதே சமயம் அவருக்கு முகவரியும் இல்லை. நாளை அவர் வேறு தாளை வாங்கலாம். அவருக்குப் புத்தாண்டில் நன்றி சொல்ல எந்த வாசலுக்குப் போவது? சந்தா முறை நீடித்த இடங்களில் பையனின் உரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. பிறகு அழகிய வண்ண அட்டைகளாகவும் நாள்காட்டிகளாகவும் உருமாறி, பாட்டும் கதையும் சுருங்கி, மெல்ல மறைந்தது. அச்சகக்காரரான ஐசையா தாமஸ் 1812இல் வூஸ்டரில் நிறுவிய அமெரிக்கத் தொல்பொருள் கழகத்தின் நூலகத்திலும், பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் பல்கலைக்கழகத்திலும் இத்தாள்கள் நூற்றுக்கணக்கில் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஒரே காலைக்காக அச்சிடப்பட்ட தாள்கள் இத்தனை எஞ்சியிருப்பதற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர்கள் எறியாமல் வைத்திருந்ததுதான்.

'சகோதரி ஆண்டுகள்' வெளிவந்த அதே மாதத்தில் ஹாதோர்ன் பாஸ்டன் சுங்க அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்தார். 1842இல் தம் கதைத் தொகுதியின் விரிவான பதிப்பைக் கொண்டுவந்தபோது இந்த உரையையும் அதில் சேர்த்தார். புத்தகமாகும்போது பையனின் கடைசி வேண்டுகோள் பொருளற்றது என்று யாரும் வெட்டியிருக்கலாம். மேயர் மாறியிருப்பார், அந்தக் காலையும் முடிந்துபோனது. ஆனால் அது அப்படியே விடப்பட்டிருக்கிறது. தொகுதியை எடுத்து அந்தப் பக்கங்களைப் புரட்டுபவர்களிடம், வாக்கை நிறைவேற்றமாட்டீர்களா என்று சேலத்துப் பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.